புதன்கிழமை இரண்டு மணி நேரம்

எனக்கு வேண்டியிருந்தது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். புதன்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட நான் கேட்டதில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான்கு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். இப்போது உட்கார்ந்து எழுதும்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சிங்கப்பூரில் பண்ணையில் வேலை என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் போனிலேயே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லிம் சூ காங் பக்கம் இருக்கிறது எங்கள் பண்ணை. மண் கிடையாது, மாடு கிடையாது, டிராக்டர் கிடையாது. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இரண்டு மாடி உயரத்துக்கு எட்டு இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு பக்கமும் செயின். செயினில் தொங்கும் நீளத் தட்டுகளில் சாய் சிம், கங்கோங், தண்டுக்கீரை என்று கீரைகள். தட்டுகள் ராட்டினம் மாதிரி மெதுவாகச் சுற்றும். மேலே போய் வெயில் வாங்கும், கீழே வந்து தண்ணீர் குடிக்கும். நான் அங்கே மெயின்டனன்ஸ் ஆள். கப்பல் பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவன், கடைசியில் கீரைக்குக் காவலாக வந்து சேர்ந்தேன்.

செடிக்குக் கொடுக்கும் தண்ணீரில் உரம் கலந்திருக்கும். உரம் என்றால் உப்புதான். அது சொட்டிச் சொட்டிச் செயினில் வெள்ளையாகப் பூக்கும். பூத்ததைச் சுரண்டாமல் விட்டால் உள்ளே துரு இறங்கும். துரு இறங்கினால் கண்ணி தேயும், செயின் நீளும், ஒரு நாள் அறுந்தே போகும். ஓடும் செயினில் மேலாக எண்ணெய் தெளிக்கலாம், அது முகத்துக்குப் பவுடர் போடுகிற வேலை. கண்ணி கண்ணியாகத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சட்டத்தை நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் புதன்கிழமை. ஒரு வாரத்துக்கு இரண்டு சட்டம், நான்கு வாரத்தில் எட்டும் முடிந்துவிடும்.

செயினுக்கு நேர் கீழே நிற்பவர் ஒரு மன்னார்குடிக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கீழே வருகிற தட்டைக் கழற்றி அறுவடைக்கு அனுப்பிவிட்டு, நாற்று வைத்த தட்டை மாட்டுவது அவர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தலைக்கு மேலே தட்டுகள் போய்க்கொண்டே இருக்கும். நனைந்த தட்டு ஒன்று அரிசி மூட்டை கனம். செயின் அறுந்தால் அது எங்கே விழும் என்று யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் நான் ஏமாந்தேன்.

பண்ணையின் திறனைக் கூட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். செங்காங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. முதல் நாளே என்னை அங்கிள் என்று கூப்பிட்டு, வீடு எங்கே என்று விசாரித்தார். புக்கிட் பாஞ்சாங் என்றேன். பக்கம்தானே என்று சந்தோஷப்பட்டார். அடுத்த வாரமே சட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கண்களைப் பொருத்த ஆள் அனுப்பிவிட்டார்.

கண் என்றால் சென்சார். அண்ணன் நிற்கும் இடத்தில், நெஞ்சு உயரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் நடுவில் வட்டமாகக் கண்ணாடி. தட்டு அதன் முன்னால் வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஐந்து நிமிடமாக எந்தத் தட்டையும் காணவில்லை என்றால் சட்டம் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே அலுவலகத் திரையிலும் அந்தப் பெண்ணின் போனிலும் சிவப்பு எரியும். எத்தனை நிமிடம் நின்றது என்று கணக்கு ஓடும். அதற்கு டவுன்டைம் என்று பெயர். சட்டத்தை ஓட்டுவதற்கும் அந்தக் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது வேடிக்கை பார்க்கும், கோள் சொல்லும், அவ்வளவுதான்.

முதல் மாதக் கணக்கில் யார் மாட்டினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? மோட்டார் மாட்டவில்லை, பம்பு மாட்டவில்லை. புதன்கிழமைதான் மாட்டியது, கூடவே நானும்.

"அங்கிள், நான் உங்கள குறை சொல்லல. ஆனா டேட்டா அப்படித்தான் காட்டுது லா. மொத்த டவுன்டைம்ல பாதிக்கு மேல நீங்க நிறுத்துறதுதான்."

"நான் நிறுத்தலன்னா அதுவா நிக்கும்மா. அப்ப ரெண்டு மணி நேரத்துல முடியாது."

"அதான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வெளியாள் வந்து செக் பண்றாங்களே. ஓடும்போதே கிரீஸ் போட முடியாதா?"

இங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். கீழே அழைத்துப்போய்க் காட்டியிருக்கலாம். நான் குரலை உயர்த்தினேன். செயின் நீட்சி, பல்சக்கரத் தேய்மானம் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அண்ணன் தலையில் விழும் என்றும் சொன்னேன். கத்திக்கொண்டே சொன்னதால் அதுவும் பயமுறுத்தலாகத்தான் கேட்டிருக்கும். அவர் முகம் சுருங்கியது. அடுத்த நாள் உத்தரவு வந்தது: புதன்கிழமை நிறுத்தம் இனிக் கிடையாது.

அன்றிலிருந்து அந்தத் திரையை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வீம்புதான். அலுவலகத்துக்குள் நுழைந்தால்கூட அதற்கு முதுகைக் காட்டியே நிற்பேன். இரண்டு புதன்கிழமைகளில் திருட்டுத்தனமாக ஒரு சட்டத்தை நிறுத்திப் பார்த்தேன். பத்தாவது நிமிடம் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அவர் பண்ணைக்கு வருவது திங்களும் வெள்ளியும் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் ஜூரோங் ஈஸ்ட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அங்கிள், மூணாம் நம்பர் ஏன் சிவப்பு?" என்பார். நான் மறுபடி ஓட விடுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுவேன். அவள் பாவம், செயினைக் கண்டாளா, சென்சாரைக் கண்டாளா.

ஆயுத பூஜை வந்தது. வருடாவருடம் பண்ணையில் நான்தான் செய்வேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் தேக்காவுக்குப் போனோம். தீபாவளிக் கூட்டம் அப்போதே தொடங்கிவிட்டிருந்தது, பஃப்ளோ ரோட்டில் கால் வைக்க இடமில்லை. சந்தனம், குங்குமம், கதம்பம், பொரி, பொட்டுக்கடலை, எலுமிச்சை என்று இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு டீ குடித்தோம். அண்ணன் கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, அந்த நாலாம் நம்பர் செயினு ஒரு மாதிரியா இருக்கே, பாத்தியா?" மீதி டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பூஜை அன்று காலை ஏழரைக்கு அந்தப் பெண்ணும் வந்துவிட்டார். அரை மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திக்கொள்ள அவரே அனுமதி வாங்கியிருந்தார். மேலிடத்துக்குக் கலாசார நிகழ்ச்சி என்று எழுதிக் கொடுத்தாராம். துடைத்தோம், கழுவினோம், பூ வைத்தோம். பொட்டு வைப்பது என் வேலை. மோட்டார், கியர்பாக்ஸ், பம்பு, சுவிட்ச் போர்டு, தராசு, ஸ்பானர் பெட்டி என்று ஒன்றைக்கூட விடவில்லை. கட்டைவிரலால் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டே கூட வந்தார். சூடம் காட்டியபோது நாலாம் நம்பர் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மனைவி கொடுத்தனுப்பிய சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனசுதான் என்று அன்றைக்குத் தோன்றியது.

அடுத்த புதன்கிழமை, நடப்பது நடக்கட்டும் என்று நாலாம் நம்பரை நிறுத்தினேன். பத்து நிமிடம் ஆயிற்று. போன் வரவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. இரண்டு மணி நேரமும் முழுதாக வேலை செய்துவிட்டுக் கை கழுவினேன். அன்று பிற்பகல் அவர் வேறு ஏதோ கேட்கக் கூப்பிட்டார். நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூஜை அன்று மெஷினைத் தொட்டுக் கும்பிட்டதில் மனம் இளகிவிட்டது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக் கண்டும் காணாமல் விடுகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம், "சின்னப் பொண்ணுன்னாலும் புரிஞ்சுக்கிட்டா" என்று பெருமையாகச் சொன்னேன்.

இப்படி ஐந்து புதன்கிழமைகள் போயின. ஐந்திலும் எட்டு மணிக்கு நிறுத்திப் பத்து மணிக்கு ஓட விட்டேன். முதல் வாரம் நாலாம் நம்பர். அதில் தேய்ந்திருந்த இரண்டு கண்ணிகளை மாற்றினேன். பிறகு மற்றவை. அந்த ஐந்து வாரத்தில் ஒரு சட்டம்கூடத் தானாக நிற்கவில்லை. எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதி வைத்தேன். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த திங்கட்கிழமை அந்தப் பெண் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனிப் பண்ணைகளிலேயே நம் பண்ணைதான் இப்போது முதலிடம், தலைமை அலுவலகக் கூட்டத்தில் நீங்களும் வந்து நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார். எனக்குப் பேச ஆயிரம் இருந்தது. மெயின்டனன்ஸின் அருமையை இந்த ஊருக்கே எடுத்துச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் மேடை ஏறிவிட்டேன். அவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க அங்கிள். புதன்கிழமை நிறுத்தத்த கேன்சல் பண்ணதுக்கு அப்புறம் அஞ்சு வாரமா டவுன்டைம் ஸீரோ. நான் அப்பவே சொன்னேன்ல?"

"கேன்சலா? நான்தான் அஞ்சு வாரமும் நிறுத்தினேனேம்மா."

"விளையாடாதீங்க லா. நிறுத்தினா சிவப்பு வந்திருக்குமே."

"நீங்க தெரிஞ்சுதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் கீழே இறங்கி நாலாம் நம்பருக்குப் போனோம். அண்ணன் தட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கறுப்புப் பெட்டியின் வட்டக் கண்ணாடி மேலே, அளவெடுத்த மாதிரி, காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம். ஐந்தாம் நம்பரிலும் அப்படியே. எட்டுச் சட்டங்களிலும் அப்படியே.

கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்ததால், தட்டு முன்னால் இருக்கிறது என்றே அது நம்பிக்கொண்டிருந்தது. திரை பச்சையாகவே இருந்தது. அது சென்சார் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பொட்டு வைக்கும்போது கை மெஷினுக்கு நெற்றியைத் தேடும். வட்டமாக, வழவழப்பாக, கட்டைவிரலுக்குப் பொருத்தமாக ஒன்று தட்டுப்பட்டால் கை நிற்குமா? வருடக்கணக்காகப் பழகிய கை அது. அந்தப் பெண் தன் போனை எடுத்துப் பூஜைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் நான் பயபக்தியோடு சென்சாருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவர் கை கூப்பி நின்றுகொண்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் மூடி மறைத்திருப்பார்கள். அண்ணன்கூட, "தொடச்சுட்டு கம்முனு இருங்க" என்றார். அந்தப் பெண் மறைக்கவில்லை. அன்றே மேலே எழுதித் தன் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார் போல, வெள்ளிக்கிழமை வந்தபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். ஐந்து புதன், இரண்டு இரண்டு மணி நேரம், மற்றபடி ஒரு நிமிடம்கூட எதுவும் நிற்கவில்லை, இதைவிட என்ன வேண்டும் என்றேன்.

"இது நீங்களே எழுதினது அங்கிள். இத எப்படி ஏத்துக்குவாங்க?"

"பொய்யா எழுதுவேனாம்மா?"

"சிஸ்டம்ல இல்லையே. எனக்கும் இனிமே சிஸ்டத்துல இருக்குறத மட்டும்தான் பேச முடியும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனை வருட வேலையில் ஒரே ஒரு தடவை என் பக்கம் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியின் கண்ணை நானே பொத்திவிட்டேன். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

புதிதாக ஒன்று ஏற்பாடாயிற்று. ஒரு மாதம் எதையும் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது. அடுத்த மாதம் என் முறைப்படி புதன்கிழமை நிறுத்துவது. இரண்டையும் ஒப்பிட்டு முடிவெடுப்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நிறுத்தாத மாதம் முதலில் வருகிறது என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. முதலில் என் முறை, பிறகு உங்கள் முறை என்று கெஞ்சினேன். மேலே ஒப்புதல் வாங்கியாகிவிட்டது என்றார்.

இரண்டு வாரம் போயிற்று. நான் ஓடும் செயினில் எண்ணெய் தெளித்தேன். உப்பு அதன் மேலேயே பூத்தது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, ஆறாம் நம்பரில் மேலே சத்தம் கேட்டது. டக் என்று ஒன்று, பிறகு வெகு நேரம் ஒன்றுமில்லை, செயின் முழுச் சுற்று வந்ததும் மறுபடி டக். ஏதோ ஒரு கண்ணி பல்சக்கரத்தில் சரியாக உட்காராமல் ஏறி இறங்குகிறது. அந்தப் பெண் அன்று வரவில்லை, போனில் சொன்னேன்.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் காட்டலையே அங்கிள். இன்னும் ரெண்டு வாரம்தான், ப்ளீஸ். இப்ப நிறுத்தினா திரும்பவும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

செவ்வாய்க்கிழமை சத்தம் கொஞ்சம் கூடியது. அண்ணனை ஆறாம் நம்பரிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றால் தட்டை யார் மாட்டுவது என்று கேட்டார். இரவுச் சாப்பாட்டில் என் மனைவி வைத்த ரசம் எப்படி இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை எட்டு மணி. அண்ணன் ஆறாம் நம்பருக்குக் கீழே குனிந்து தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே டக் என்றது. அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, பழகிவிட்டது அவருக்கு. நான் போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். சட்டம் குலுங்கி நின்றது. வேலை போனாலும் போகட்டும், பெர்மிட் போனாலும் போகட்டும் என்று பெரிய வீரன் மாதிரி எல்லாம் இல்லை. அடித்த கையோடு முதலில் போனைத்தான் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

ஆள் ஏற்றும் தூக்கியில் ஏறி மேலே போனேன். உப்பைச் சுரண்டித் துணியால் துடைத்துக்கொண்டே கண்ணி கண்ணியாகத் தடவினேன். இருபத்தி மூன்றாவது கண்ணி. பக்கத் தகட்டில் ஆணி ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல். நகத்தை வைத்தேன், உள்ளே இறங்கியது. இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கலாம், இன்னும் ஒரு சுற்றுகூடத் தாங்காமல் போயிருக்கலாம். அதைச் சரியாகச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் கிடையாது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுக் கண்ணி மாட்டி, இறங்கி வந்தேன். அண்ணனிடம் காட்டினேன். அவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த கூடை மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் டாக்சியில் வந்து இறங்கினார். வருகிற வேகத்திலேயே தெரிந்தது, பேசவேண்டியதை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வருகிறார் என்று. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் அந்தக் கண்ணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அன்றைக்கு எனக்குக் கத்துவதற்குத் தெம்பு இல்லை. அவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு?"

மேலே கை காட்டினேன். அவர் நடந்துபோய், அண்ணன் தினமும் நிற்கிற அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஈரத் தட்டுகள் வரிசையாக அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏன் அங்கிள்," என்றார், "இத ஏன் முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

நான்கு மாதம். அலுவலகத்தில் சொன்னது, போனில் சொன்னது, நோட்டோடு போய்ச் சொன்னது எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறி வந்தது. அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுபடி சண்டை. சண்டை வந்தால் அவர் மறுபடி அந்தத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். கூடையில் உட்கார்ந்திருந்த அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதாம்மா," என்றேன். "சொல்லியிருக்கணும்."

அவர் என் தோளைத் தொட்டார். "பரவால்ல அங்கிள். இனிமே புதன்கிழமை நிறுத்திக்கங்க."